எஃகும் சாம்பலும்

இந்தியாவில் ஒரு டன் எஃகுக்கு ஏறத்தாழ 2.5 டன் கார்பன் டைஆக்சைடு வெளியாகிறது. உலகச் சராசரியைவிட இது மிகுதி. உற்பத்திப் பெருக்கம் இதை விளக்காது.

1959 பிப்ரவரியில், அடுத்தடுத்த நாள்களில், ரூர்கேலாவிலும் பிலாயிலும் முதல் ஊதுலைகள் தொடங்கப்பட்டன. சோவியத் துணையுடன் எழுந்த பிலாய் திறந்த உலை முறையை ஏற்றது. இரும்பை எஃகாக்க அதற்குப் புற எரிபொருள் வேண்டும். மேற்கு ஜெர்மானியர் அமைத்த ரூர்கேலாவுக்கோ, 1952இல்தான் லின்ஸ் நகரில் உற்பத்திக்கு வந்திருந்த ஆக்சிஜன் உலையும் கிடைத்தது. உருகிய இரும்பிலுள்ள கார்பனே அங்கு எரிந்து வெப்பம் தரும். ஒரே அரசு, ஒரே திட்டம், இருவேறு எரிபொருள் கணக்கு!

இதனினும் வலிய காரணி நிலக்கரியின் சாம்பல். ஜரியா நிலக்கரியைக் கழுவிய பின்னும் அது எளிதில் 17 விழுக்காட்டைத் தாண்டும். சாம்பல் மிகுந்தால் கசடு மிகும். கசடை உருக்கக் கோக் மிகுதியாகச் செலவாகும். உமிழ்வை உற்பத்தி, ஆற்றல் செறிவு, எரிபொருள் கலவை எனப் பகுக்கும் ஆய்வுகளில் இச்சாம்பல் ‘ஆற்றல் செறிவு’ என்ற பெயருக்குள் மறைந்து, ஆலையின் திறமைக்குறைவாகவே வாசிக்கப்படுகிறது. நிலவியலின் பழி நிர்வாகத்தின் தலையில் விழுகிறது.

நல்ல கோக்கும் இயற்கை எரிவாயுவும் அரிதான நாட்டில், கோக்குக்கு உதவாத நிலக்கரியைக் கொண்டு சுழல் சூளைகளில் ஸ்பாஞ்ச் இரும்பு ஆக்கும் சிற்றாலைகள் பெருகியதும் இதே வழியில்தான்.