பழைய ஜீப்புக்குப் புது சேஸிஸ் போடலாமா? வெல்டிங்குக்கு முன்னாடி தெரிந்துகொள்ள வேண்டியவை

ஊரில் தாத்தா ஓட்டிய மஹிந்திரா ஜீப், ஒருவழியாக லாரி ஏறி உங்கள் செம்பூர் அபார்ட்மென்ட் பார்க்கிங்குக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடியில் படுத்துப் பார்த்த மெக்கானிக் சொல்கிறார்: "சேஸிஸ் போயிடுச்சு சார். புதுசு போட்டுக்கலாம். ஆர்.சி. அதே பழசு ஓடும்."

முதல் இரண்டு வாக்கியங்கள் சரியாகவே இருக்கலாம். சிக்கல் மூன்றாவதில்தான்.

சேஸிஸ் ஏன் இவ்வளவு முக்கியம்?

இன்றைய கார்கள் பலவற்றில் பாடியும் அடிச்சட்டமும் ஒரே கூடு. பழைய ஜீப் அப்படியில்லை. ஏணி மாதிரி இரண்டு நீள இரும்புகள், நடுவே குறுக்கு இரும்புகள். எஞ்சின், கியர்பாக்ஸ், ஆக்ஸில் எல்லாம் இதில்தான் உட்காரும். பாடியை மேலே வைத்து போல்ட் போட்டிருப்பார்கள். அதனால்தான் பாடியைத் தூக்கிவிட்டுப் புது சேஸிஸ் மீது பழைய வண்டியைக் கட்ட முடிகிறது.

இந்த ஜீப்பின் கதையே மும்பையில்தான் தொடங்குகிறது. 1945-ல் உருவான நிறுவனம், 1940களின் இறுதியில் அமெரிக்க வில்லிஸ் ஜீப்பை உதிரிபாகங்களாக இறக்கி மஜ்காவ் பகுதியில் பூட்டத் தொடங்கியது. போடி, கம்பத்திலிருந்து ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆளேற்றும் ஜீப்புகளும் அந்த வம்சம்தான்.

பிறந்த ஊர் என்றாலும் மும்பைக் காற்று இரும்புக்கு ஆகாது. கடல் உப்பும் நான்கு மாத மழையும் சேர்ந்து, சேறு தங்கும் மூலைகளை உள்ளிருந்தே அரிக்கும். லீஃப் ஸ்பிரிங் மாட்டும் இடம், குறுக்கு இரும்பு சேரும் இடம், பின்பக்கக் கடைசி இரும்பு ஆகியவற்றைச் சின்னச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் இரும்பு இருக்கிறது. சத்தம் மந்தமாக வந்தாலோ துகள் கொட்டினாலோ உள்ளே காலி.

சட்டம் என்ன சொல்கிறது?

உங்கள் ஆர்.சி.யில் இருக்கும் சேஸிஸ் எண், அந்த இரும்பிலேயே பொறிக்கப்பட்டது. வண்டியின் அடையாளமே அதுதான். ஆர்டிஓ அலுவலகத்தில் பென்சிலால் தேய்த்து பிரின்ட் எடுப்பதும் அதைத்தான். இரும்பைக் கழற்றிப் போட்டால் அடையாளமும் கூடவே போகிறது.

மோட்டார் வாகனச் சட்டம், 1988-ன் பிரிவு 52-ன்படி, தயாரிப்பாளர் தந்த அசல் விவரங்களிலிருந்து ஆர்.சி. விவரம் மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதைக் கறாராக உறுதி செய்தது. எஞ்சின் மாற்றவும் சிஎன்ஜி பொருத்தவும் தனி வழி இருக்கிறது. பொலேரோ சேஸிஸ் மேல் பழைய ஜீப் பாடியை வைப்பது அந்த வழிகளில் வராது.

மீறினால் பிரிவு 182ஏ-யின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே. விபத்து நடந்தால் காப்பீட்டு கிளெய்மும் சிக்கலாகும்.

பழைய எண் உள்ள துண்டை வெட்டிப் புது இரும்பில் ஒட்டுவது, எண்ணைப் புதிதாகப் பொறிப்பது இரண்டையும் யார் சொன்னாலும் செய்யாதீர்கள். திருட்டு வண்டிகளில் போலீஸ் முதலில் தேடுவதே இந்தத் தடயத்தைத்தான். உங்கள் தாத்தா வண்டி என்பதை அதன்பின் நிரூபிப்பது கஷ்டம்.

விண்டேஜ் பதிவு வாங்கினால் தப்பிக்கலாமா?

முடியாது. 2021 ஜூலையில் வந்த மத்திய விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, சொந்த உபயோக வண்டிகள் விண்டேஜ் ஆகலாம். புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும், நம்பர் பிளேட்டில் 'விஏ' எழுத்து வரும். ஆனால் சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்திருக்கக்கூடாது. அதாவது, புது சேஸிஸ் போட்ட அன்றே இந்தக் கதவு மூடிக்கொள்ளும். விண்டேஜ் வண்டியில் தினமும் ஆபீஸ் போகவும் முடியாது. கண்காட்சி, ராலி, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே.

வெளிநாட்டில் செய்கிறார்களே?

ஆமாம். 1948-ல் வந்த லேண்ட் ரோவருக்கு அலுமினிய பாடி, இரும்பு சேஸிஸ். பாடி நிற்கும், சேஸிஸ் அரிக்கும். அதனால் துத்தநாகத்தில் முக்கிய புது சேஸிஸ் விற்பது பிரிட்டனில் ஒரு தனித் தொழில். அசல் வடிவிலேயே இருந்தால் பழைய பதிவெண்ணைத் தக்கவைக்கவும் அங்கே விதி இடம் தருகிறது. அந்த வீடியோக்களைப் பார்த்துவிட்டு இங்கே ஆர்டர் கொடுத்துவிடாதீர்கள்.

அப்போ என்னதான் செய்யலாம்?

1. முதலில் பேப்பர். தாத்தா பெயரிலேயே இருந்தால், வாரிசாகப் பெயர் மாற்றப் படிவம் 31. தமிழ்நாட்டு வண்டி என்றால் அங்கிருந்து தடையில்லாச் சான்று வாங்குங்கள். 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால் மகாராஷ்டிரா எண் வேண்டும். செம்பூர்க்காரர்களுக்கு வடாலா ஆர்டிஓ.

2. எண்ணைப் பாருங்கள். சேஸிஸில் உள்ளதும் ஆர்.சி.யில் உள்ளதும் ஒன்றா? இல்லையென்றால் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள்.

3. மாற்றுவதைவிடச் சரிசெய்வது மேல். அரித்த பகுதியை மட்டும் வெட்டி, அதே தடிமன் இரும்பில் வெல்டிங் செய்தால், எண் உள்ள அசல் இரும்பு அதன் இடத்திலேயே இருக்கும். பல ஜீப்புகளுக்கு இதுவே போதும்.

4. மாற்றியே ஆகவேண்டும் என்றால் வேலைக்கு முன்பே ஆர்டிஓவிடம் எழுதிக் கேட்டு, பதிலையும் எழுத்திலேயே வாங்குங்கள். புது சேஸிஸின் பில் கையில் இருக்க வேண்டும். பழையதை உடனே குர்லா சிஎஸ்டி ரோட்டில் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

5. வெட்டும் முன் அளவு. பாடியைத் தூக்குவதற்கு முன்பே சேஸிஸின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து எழுதுங்கள். இரண்டும் சமமாக இல்லையென்றால் சட்டம் கோணியிருக்கிறது. அதன் மேல் எவ்வளவு பெயின்ட் அடித்தாலும் வண்டி ஒரு பக்கமாகத்தான் இழுக்கும்.

6. பிரேக், ஒயரிங் புதுசு. பாடி மேலே இருக்கும்போதே பிரேக் குழாய், ஒயரிங், பாடிக்கு அடியில் வரும் ரப்பர் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். இன்னொரு முறை தூக்கக் கூலி இரட்டிப்பு.

கட்டணத்தையும் கணக்கில் வையுங்கள். 20 ஆண்டு தாண்டிய கார், ஜீப்புகளுக்குப் பதிவு புதுப்பிக்கும் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் மத்திய அரசு 10,000 ரூபாயாக உயர்த்தியது. மகாராஷ்டிராவின் பசுமை வரி தனி.

ஷோரூமில் புது தார் எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும். தாத்தா கையெழுத்துப் போட்டு வாங்கிய வண்டி ஒன்றுதான். அதை அந்த வண்டியாக நிறுத்துவது அந்த எண் உள்ள இரும்பு. எனவே மெக்கானிக்கிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி 'எவ்வளவு ஆகும்?' அல்ல, 'இதைக் காப்பாற்ற முடியுமா?'