வழு

வழுக்குப் பாறையில் கால் நழுவுவதும் இலக்கணத்தில் சொல் நழுவுவதும் ஒரே வேரில் பிறந்தவை. வழுவுதல் என்றால் நெறியிலிருந்து சறுக்குதல். நன்னூல் ஏழு வகை வழுக்களைச் சொல்கிறது: திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு. இன்று கணினித் தமிழில் ‘பக்’ என்பதற்கு வழு என்கிறோம். ஆங்கிலத்தில் அது பூச்சி. 1878இலேயே எடிசன் கடிதத்தில் வந்துவிட்ட சொல். நம்முடையது பூச்சியைவிடப் பொருத்தம் என்பேன்.

காரணம், காலவழு. ‘நேற்று வருவான்’ என்பதில் சொற்கள் சரி, காலம் தவறு. நிகழ்நேர இயங்குதளத்திலும் சரியான விடை தாமதமாக வந்தால் அது தவறுதான். 1997இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலத்தின் கணினி, விஎக்ஸ்வொர்க்ஸ் என்ற அத்தகைய இயங்குதளத்தில் ஓடியது. முன்னுரிமை குறைந்த வானிலைப் பணி ஒரு பொது வளத்தின் பூட்டைப் பிடித்திருக்க, இடைப்பட்ட பணிகள் அதை ஓடவிடாமல் தடுத்தன. பூட்டுக்குக் காத்திருந்த மேல்நிலைப் பணி கெடுவைத் தவறவிட, கணினி மீண்டும் மீண்டும் தன்னையே புதிதாகத் தொடங்கிக்கொண்டது. பூட்டு வைத்திருப்பவருக்குக் காத்திருப்பவரின் முன்னுரிமையைத் தற்காலிகமாகக் கொடுக்கும் வசதி ஏற்கெனவே இருந்தது, அணைத்து வைத்திருந்தார்கள். பூமியிலிருந்தே அதை இயக்கினார்கள், சரியாயிற்று.

இன்னொரு சொல்லும் சும்மா கிடக்கிறது: வழுவமைதி. பசுவை ‘லட்சுமி வந்துவிட்டாள்’ என்பது வழு, ஆனாலும் அன்பு கருதி ஏற்கிறோம். கணினியிலும் இதற்கு இடமுண்டு. சில்லிலேயே குறை இருந்தால் அதை மாற்ற முடியாது. அந்தச் சில்லை இயக்கும் டிரைவர் நிரலை எழுதுபவர் ஒரு பதிவகத்தை இருமுறை படித்தோ, சில மைக்ரோநொடி காத்திருந்தோ சமாளிப்பார். ‘ஒர்க்அரவுண்ட்’ என்று தடுமாறுகிறோமே, அது வழுவமைதிதான்.