இக்கிகாய்: நாலு வட்டத்துக்கு முன்னால்

ஆபீசில் பத்து வருஷம் தாண்டிய நம்மில் பெரும்பாலோர் ஏதாவது ஒரு ட்ரெயினிங் கிளாசில் இந்தப் படத்தைப் பார்த்திருப்போம். ஒன்றையொன்று வெட்டும் நாலு வட்டங்கள்: பிடித்த வேலை, கைவந்த வேலை, உலகத்துக்குத் தேவையான வேலை, காசு கிடைக்கிற வேலை. நாலும் சேரும் இடத்தில் 'இக்கிகாய்' என்று போட்டிருக்கும். ஜப்பானியர்களின் புராதன ரகசியம் என்று சொல்லிவிட்டு டீ பிரேக் விட்டுவிடுவார்கள்.

அந்தப் படம் புராதனமும் இல்லை, ஜப்பானும் இல்லை. வட்டங்களை 2011 வாக்கில் வரைந்தவர் ஸ்பெயினைச் சேர்ந்த ஆந்த்ரேஸ் சுசுநாகா. அவர் நடுவில் எழுதியது 'நோக்கம்' என்ற சொல். 2014-இல் மார்க் வின் என்ற பிரிட்டிஷ்காரர் அதை எடுத்துவிட்டு 'இக்கிகாய்' என்று மாற்றினார். ஒரு சொல் மாறியது, அவ்வளவுதான். உலகம் முழுக்கப் பரவிவிட்டது.

ஜப்பானில் அது சாதாரண வீட்டுச் சொல். 'இக்கி' என்றால் வாழ்வது, 'காய்' என்றால் பயன், மதிப்பு. உழைப்பதற்கு ஒரு பயன் இருந்தால் 'ஹதராகிகாய்', ஒரு காரியம் செய்வதற்கு இருந்தால் 'யாரிகாய்'. பேரக்குழந்தையைப் பார்த்து "இதுதான் என் இக்கிகாய்" என்று பாட்டி சொல்லலாம். இதில் சம்பளம் எங்கே வந்தது?

இந்த வீட்டுச் சொல்லை எடுத்து முதலில் ஆழமாக ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் மியெகோ காமியா (1914–1979) என்ற மனநல மருத்துவர். அப்பா ராஜதந்திரி, 1945-இல் கல்வி அமைச்சராகவும் ஆனார். ஜெனீவாவில் பள்ளிப் படிப்பு. 19 வயதில், பிரசங்கம் செய்யப் போன மாமாவுக்கு ஆர்கன் வாசிப்பதற்காக டோக்கியோ பக்கம் ஒரு தொழுநோய் இல்லத்துக்குப் போனார். அங்கே பார்த்ததை அவரால் மறக்க முடியவில்லை. டாக்டராவது என்று முடிவு பண்ணிவிட்டார். வீட்டில் சம்மதிக்கவில்லை. நடுவில் காசநோய் வேறு. படித்து முடித்தபோது வருஷம் 1944.

1957-இல் அவர் ஒகயாமா மாநிலத்தில் உள்ள நாகாஷிமா தீவுக்கு ஆராய்ச்சிக்குப் போனார். 1930-இல் தொடங்கிய ஐசேயென் என்ற அரசுத் தொழுநோய் இல்லம் அங்கே இருக்கிறது. கரைக்கும் தீவுக்கும் நடுவே கடல் குறுகலான இடத்தில் சுமார் 30 மீட்டர்தான். ஆனால் பாலம் கிடையாது, கட்டவும் இல்லை. உள்ளே வருகிறவருக்குக் கிருமிநாசினிக் குளியல். கையிலிருக்கும் பணத்தை வாங்கிக்கொண்டு, தீவுக்குள் மட்டும் செல்லும் டோக்கன் கொடுத்த காலமும் இருந்தது. 1955-இல் அங்கே ஒரு மேல்நிலைப் பள்ளி ஆரம்பித்தார்கள். மாணவர்கள் ஆசிரியர் அறைக்குள் நுழையக் கூடாது. வெளியே நின்று மணி அடித்துக் கூப்பிட வேண்டும். நம் ஸ்டாஃப் ரூம் வாசலில் நோட்டுக் கட்டோடு நின்றதெல்லாம் இதன் முன்னால் ஒன்றுமே இல்லை.

போருக்குப் பிறகு புரோமின் மருந்து வந்து நோய் குணமாகத் தொடங்கியிருந்தது. ஆனால் 1953-இல் போட்ட புதுச் சட்டமும் பிரித்து வைப்பதையே தொடர்ந்தது. உடம்பு தேறியது, வெளியே போக வழியில்லை. இந்த நிலையில்தான் காமியா ஒவ்வொருவரிடமும் கேள்வி கேட்டார். பாதிப்பு லேசாக உள்ளவர்களிலேயே கணிசமான பேர் வாழ்க்கை வெறுமை என்றார்கள். அதே தீவில், அதே சாப்பாட்டில், சிலர் முன்னைவிட ஆழமாக வாழ்வதாகச் சொன்னார்கள். இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? இதுதான் அவருடைய கேள்வி.

பார்வை இழந்தவர்கள் 1953-இல் அங்கே ஹார்மோனிகா குழு ஒன்றை உண்டாக்கியிருந்தார்கள். நீலப்பறவை என்று பெயர். விரலில் உணர்ச்சி போனவர்கள் பிரெய்ல் எழுத்தை நாக்கால் தடவிப் படித்தார்கள். இதையெல்லாம் எந்த வட்டத்தில் போடுவீர்கள்? உலகம் அவர்களைக் கேட்கவில்லை, யாரும் காசு கொடுக்கவும் இல்லை.

1966-இல் 'இக்கிகாய் பற்றி' என்ற அவர் புத்தகம் வந்தது. வாழ்வதற்குக் காரணமாக இருக்கும் பொருள் வேறு, அதனால் மனசில் எழும் உணர்வு வேறு என்று அதில் பிரித்துக் காட்டுகிறார். கெட்டிக்காரத்தனமான பிரிவினை. குழந்தை ஒருவருக்குப் பொருள், பாட்டு இன்னொருவருக்கு. பொருள் பறிபோகலாம். உணர்வு வேறொன்றைப் பற்றிக்கொண்டு திரும்ப வரலாம் என்பது அவர் கண்டது.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். இல்லத்தின் முதல் இயக்குநர் கென்சுகே மித்சுதா பிரித்து வைக்கும் கொள்கையின் தூண். ஆண் நோயாளிகளுக்குக் கருத்தடை ஆபரேஷனை 1915-லேயே தொடங்கி வைத்தவர். காமியா அவரிடம் மரியாதை வைத்திருந்தார். சட்டத்தை எதிர்த்துப் போராடவில்லை. கூண்டைத் திறக்கச் சொல்லாமல் கூண்டுக்குள் அர்த்தம் தேடுவது என்ன நியாயம் என்று பின்னாளில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். எனக்குத் தோன்றுவது, நோயாளிகள் இரண்டையுமே செய்தார்கள். பாட்டும் பாடினார்கள், 1953 சட்டத்தை எதிர்த்து உண்ணாவிரதமும் இருந்தார்கள்.

பாலம் 1988-இல்தான் வந்தது. சட்டம் 1996-இல் ஒழிந்தது. 2001-இல் குமாமோதோ நீதிமன்றம் அரசின் மேல் தவறு என்று தீர்ப்புச் சொன்னது. அரசு அப்பீல் போகவில்லை. அதற்குள் தீவில் இருந்தவர்களுக்கு வயதாகிவிட்டது. பலருக்கு ஊரில் தங்கள் பெயரைச் சொல்லக்கூட உறவு இல்லை. கதவு திறந்த பிறகும் அங்கேயே தங்கினார்கள். இறந்தவர்களின் சாம்பலை வைக்கத் தீவிலேயே ஒரு மண்டபம் உண்டு. பாலம் வந்த பிறகும் ஊருக்குத் திரும்பாத கலசங்கள் அங்கே இருக்கின்றன.