கொப்பி பண்ணியவர்கள் காப்பாற்றிய குரல்கள்

கொழும்பு வானொலி முறைப்படி ஒலிபரப்பைத் தொடங்கியது 1925 டிசம்பர் 16இல். நூறு வருசம் ஆகிவிட்டது. இந்த நூறு வருசத்தில் தமிழில் ஒலித்தவற்றில் எவ்வளவை இன்றைக்குக் கேட்கலாம்? சானாவின் ‘லண்டன் கந்தையா’, சில்லையூர் செல்வராசனின் ‘தணியாத தாகம்’ என்று அம்மம்மாமார் பெயர்களை மனப்பாடமாகச் சொல்லுவினம். அந்தக் குரல்களைத் தேடிக் கேட்பது அவ்வளவு லேசில்லை.

இதற்கு அலட்சியம் மட்டும் காரணமில்லை. அந்தக் காலத்தில் ரேப் விலை கூடினது. அழித்துவிட்டுத் திரும்பப் பதியலாம் என்பதுதான் அதன் பெரிய வசதி. பெரிய ஒலிபரப்பு நிலையங்களே இதைச் செய்தன. பிபிசி 1960களில் ஒளிபரப்பிய ‘டொக்டர் ஹூ’ தொடரில் நூற்றுக்குக் கிட்டிய பகுதிகளை அழித்தும் எறிந்தும் விட்டது. ஆனால் அந்தப் பகுதிகளின் ஒலி முழுக்க இன்றும் இருக்கிறது. வீட்டில் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் ரேப் றெக்கோடரை வைத்துப் பதிந்த ரசிகர்கள் அதைக் காப்பாற்றினார்கள்.

எங்கட பக்கமும் ஒரு உதாரணம் உண்டு. பஸ் கொண்டக்டராக கே. எஸ். பாலச்சந்திரன் செய்த ‘அண்ணை றைற்’ தனிநடிப்பு. மேடையோடும் வானொலியோடும் நின்றிருந்தால் அது அங்கேயே முடிந்திருக்கும். கசெற்றாக வந்ததால் கை மாறி, கொப்பியாகி, புலம்பெயர்ந்தவர்களோடு கடலும் தாண்டியது.

ஒரே இடத்தில் ஒரே கொப்பி வைத்திருப்பது எவ்வளவு ஆபத்து என்று எங்களுக்கு ஒருவரும் படிப்பிக்கத் தேவையில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு எரிந்தவை ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும். 1983 யூலையில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் எரிந்த வீடுகளுக்குள் எத்தனை படங்கள், கடிதங்கள், இசைத்தட்டுகள் போயின என்பதற்குக் கணக்கே இல்லை. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டத்தை இந்தப் பின்னணியில்தான் பார்க்கவேணும். ஈழத்து நூல்களையும் இதழ்களையும் ஸ்கான் பண்ணி, எவரும் இலவசமாக வாசிக்க அது வழி செய்தது. பிறகு வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளையும் சேர்த்தது.

இன்று அப்பப்பாவின் கதையைப் பதிய ஒரு போன் காணும். பதிந்தது அந்த ஒரே போனில் கிடப்பதுதான் பிரச்சினை. 24 பிட், 48 கிலோஹேர்ட்ஸ் தரத்தில் ஒரு மணித்தியால மோனோ பதிவு அரை ஜிபியைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். 64 ஜிபி பென் டிரைவில் நூறு மணித்தியாலத்துக்கு மேல் கொள்ளும். ஆகவே இடமில்லை என்று சொல்ல ஏலாது. மூன்று கொப்பி வையுங்கோ. இரண்டு வகைச் சாதனங்களில் வையுங்கோ. ஒன்றாவது வேறு ஊரில் இருக்கட்டும். ஆர் பேசினது, எங்கே, எப்போது என்ற விபரமும் கூடவே இருக்கட்டும். அது இல்லாவிட்டால் முப்பது வருசத்துக்குப் பிறகு அது வெறும் குரல்தான்.

பாதுகாப்பது வேறு, பகிர்வது வேறு. 83ஐப் பற்றி ஒருவர் மனம் திறந்து சொன்னது ஊர் முழுக்கக் கேட்பதற்காக இல்லாமலும் இருக்கலாம். பகிரக்கூடாததையும் மூன்று கொப்பியாகப் பூட்டி வைக்கலாம். எது வெளியே போகலாம், எப்போது போகலாம் என்பதைப் பேசியவர்தான் தீர்மானிக்கவேணும். அவர் இருக்கும்போதே அதைக் கேட்டு, அந்தப் பதிலையும் பதிந்து வையுங்கோ.