ஒப்படைப்பா, இணைப்பா, விடுதலையா? – பாகூர்ச் சீமையும் சில சொற்களும்

பாகூர் கொம்யூனின் தென்பகுதியில், தென்பெண்ணையாற்றை ஒட்டி அமைந்த ஊர் குருவிநத்தம். சற்றுத் தொலைவு சென்றால் கடலூர் மாவட்டம் தொடங்கிவிடும். இன்று அவ்வெல்லையைக் கடப்பவருக்குப் பெட்ரோலின் விலையும் மதுவின் விலையும் மாறுவதன்றி வேறொன்றும் பெரிதாகத் தோன்றாது. ஆனால் 1954 வரை அது இரு நாடுகளுக்கு இடைப்பட்ட எல்லை. அதனை வரைந்தவை மலையோ ஆறோ அல்ல. ஐரோப்பிய மாளிகைகளில் எழுதப்பட்ட சில சொற்கள்.

போட்டித் தேர்வு எழுதும் நம் மாணவர்கள் ட்ரூஸ், ஆர்மிஸ்டிஸ், செஷன், ரேட்டிஃபிகேஷன், டி ஃபேக்டோ, டி ஜூரே என்று நீண்ட பட்டியலை மனப்பாடம் செய்கின்றனர். எதிர்ப்பக்கத்தில் தமிழ்ப்பொருள் என எழுதப்படுவது பெரும்பாலும் 'ஒப்பந்தம்', 'உடன்படிக்கை', 'போர்நிறுத்தம்' என்னும் மூன்றே சொற்கள். இச்சொற்களிடையே உள்ள வேறுபாடு அகராதிக்காரர்களின் கவலை மட்டுமன்று. பாகூர் மண்ணில் அவ்வேறுபாட்டுக்கு ஒரு வரலாறு உண்டு.

1752 செப்டம்பர் 6 அன்று (ஆங்கிலேயரின் அன்றைய நாட்காட்டியில் ஆகஸ்டு 26) பாகூரில் ஸ்டிரிங்கர் லாரன்ஸ் தலைமையிலான ஆங்கிலப் படையும் டுப்ளேயின் உறவினரான கெர்ஜான் தலைமையிலான பிரெஞ்சுப் படையும் பொருதன. துப்பாக்கிமுனை ஈட்டிகளால் நெஞ்சோடு நெஞ்சு மோதிய கடும் போர். பிரெஞ்சுப் படை உடைந்தது, கெர்ஜான் சிறைப்பட்டார். இதில் வியப்பு என்னவெனில், அன்று இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே போரே இல்லை. 1748ஆம் ஆண்டின் ஆக்ஸ்-லா-ஷப்பேல் உடன்படிக்கை நடைமுறையில் இருந்தது. ஆற்காட்டு நவாபுப் பதவிக்குப் போட்டியிட்டவர்களின் 'துணைப்படைகள்' என்ற பெயரில்தான் இரு கும்பினிகளும் களத்தில் நின்றன. அதாவது, பாகூரில் மாண்டவர்கள் அமைதிக் காலத்தில் மாண்டவர்கள்.

தொல்காப்பியப் புறத்திணையியலை ஒருமுறையேனும் படித்தவர்க்கு இவ்விடத்தில் ஒரு முரண் தென்படும். ஆநிரை கவர வெட்சி, மண் கருதி மேற்செல்ல வஞ்சி, அரண் முற்ற உழிஞை, எதிர்நின்று பொரத் தும்பை. போரின் தன்மையைப் பூவே அறிவித்துவிடும். நடைமுறையில் சங்ககால மன்னர்கள் இவ்வளவு ஒழுங்காக நடந்தார்களா என்பது வேறு கேள்வி. ஆயினும் இலக்கணம் போருக்கு அதன் பெயரை மறுக்கவில்லை. கும்பினிகளின் இலக்கணமோ பெயரை மறைப்பதற்கென்றே வகுக்கப்பட்டது.

புதுச்சேரித் துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு எழுதிவந்த காலம் இது. அக்காலத் தமிழில் 'வக்கீல்' என்பவர் ஓர் அரசரின் பொருட்டு மற்றோர் அரசவைக்குச் செல்லும் தூதர். சமரசப் பத்திரமாக இருந்த 'ராஜிநாமா' பிற்காலத்தில் பதவி விலகலாகிவிட்டது. சொற்கள் பணியை மாற்றிக்கொள்வதற்கு இவ்விரண்டும் போதிய சான்று.

1783ஆம் ஆண்டின் வெர்சாய் உடன்படிக்கைக்கு வருவோம். அமெரிக்க விடுதலைப் போரின் முடிவில் செப்டம்பர் 3 அன்று கையெழுத்தான இந்த ஆவணத்தில் வில்லியனூர், பாகூர் என்னும் இரு சீமைகளும் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படுகின்றன. புதுச்சேரியைத் திருப்பித் தருவதோடு இவ்விரண்டையும் பிரான்சுக்குப் 'பெற்றுத் தருவதாக' ஆங்கில மன்னர் உறுதியளிக்கிறார். 'தருவதாக' அன்று, 'பெற்றுத் தருவதாக'! ஏனெனில் நிலம் அவருடையதன்று. ஆற்காட்டு நவாபு முகமது அலியின் ஆட்சிக்குட்பட்ட பகுதி. 1763 பாரிஸ் உடன்படிக்கையில் இவரைத்தான் கர்நாடகத்தின் சட்டப்படியான நவாபு என்று இரு வல்லரசுகளும் ஏற்றிருந்தன. இருபதாண்டு கழித்து அவருடைய கையெழுத்து இல்லாமலே அவருடைய ஊர்கள் கைமாறுகின்றன. அந்த ஒரு வினைச்சொல்லின் நாகரிகம் என்னை எப்போதும் அச்சுறுத்துகிறது.

இனி நம் பெற்றோரின் காலம். 1954 அக்டோபர் 18 அன்று வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடினர். இந்தியாவுடன் இணைய 170 பேரும் எதிராக 8 பேரும் வாக்களித்தனர். மூன்றாம் நாள் டில்லியில் ஒப்பந்தம். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. 1948ஆம் ஆண்டின் இந்திய–பிரெஞ்சு இணக்கம் பேசியது மக்களின் நேரடி வாக்கெடுப்பைப் பற்றி. சந்திரநாகூரில் 1949இல் அது நடந்தது. இங்கோ உழவரும் ஆலைத் தொழிலாளரும் வாக்குச்சீட்டைக் காணவில்லை. இரண்டையும் தமிழில் 'வாக்கெடுப்பு' என்றே எழுதிக் கடந்துவிடுகிறோம்.

நடந்தது என்ன என்பதற்கும் மூன்று பெயர்கள். 1956 மே 28 அன்று கையெழுத்தான உடன்படிக்கையின் தலைப்பு செஷன், அதாவது ஒப்படைப்பு. உரியவர் உரிமையோடு கொடுத்தார் என்பது அதன் உட்பொருள். 'இணைப்பு' என்பது டில்லியிலிருந்து பார்த்த சொல். 'விடுதலை' என்பது 1936 ஜூலை 30 அன்று ஆலைத் தொழிலாளர் பன்னிருவர் சுட்டுக் கொல்லப்பட்டதை நினைவில் வைத்திருந்தோரின் சொல். சட்டத்துக்கு முதற்சொல் போதுமானது. மூன்றாவதற்கே என் வாக்கு.

கையெழுத்தானதும் காரியம் முடியவில்லை. மக்களின் இசைவின்றி நிலத்தைக் கைமாற்றுதல் செல்லாது என்று 1946ஆம் ஆண்டின் பிரெஞ்சு அரசியலமைப்பும் 1958ஆம் ஆண்டின் அரசியலமைப்பும் கூறின. அல்ஜீரியாவில் போர் வேறு நடந்துகொண்டிருந்தது. அதனைப் 'போர்' என்று பிரெஞ்சுச் சட்டம் ஒப்புக்கொண்டதோ 1999இல்தான். அதுவரை 'ஒழுங்கு காக்கும் நடவடிக்கை'. புதுச்சேரி உடன்படிக்கையின் ஏற்புறுதி, அல்ஜீரியா விடுதலை பெற்ற 1962 ஜூலைக்குப் பின்னரே, ஆகஸ்டு 16 அன்று பரிமாறப்பட்டது.

இடைப்பட்ட ஏறத்தாழ எட்டாண்டுகள் பாகூர் நடைமுறையில் இந்தியா, சட்டப்படி பிரான்சு. டி ஃபேக்டோ, டி ஜூரே என்னும் இரு இலத்தீன் தொடர்கள் சுட்டும் இடைவெளி அது. ஆகஸ்டு 16 முதல் மற்றொரு கணக்கு தொடங்கியது. இங்கே பிறந்து இங்கேயே குடியிருந்த பிரெஞ்சுக் குடிமக்கள் தாமாகவே இந்தியக் குடிமக்களாயினர். வேண்டாதவர் ஆறு மாதத்திற்குள் எழுத்துமூலம் தெரிவித்தால் பழைய குடியுரிமையைத் தக்கவைத்துக்கொள்ளலாம். பிரெஞ்சுப் படையில் பணியாற்றிய 'சொல்தா' குடும்பங்களுக்கு அதன் பொருள் தெரியும். ஓய்வூதியமும் பிரான்சில் வாழும் உரிமையும் அதில் அடங்கியிருந்தன. படிவத்தின் மொழியையே அறியாத உழவருக்கு அவகாசம் 1963 பிப்ரவரியில் சத்தமின்றி முடிந்தது.