காப்பிக் கடைப் பலகைகள்

ஸ்டாக்ஹோமுக்கோ கோபன்ஹேகனுக்கோ சென்று திரும்பும் தமிழர் எழுதும் பயணக் கட்டுரைகளில் அருங்காட்சியகம் விடுபட்டாலும் விடுபடும். காப்பிக் கடையும் ரொட்டிக் கடையும் விடுபடுவதில்லை. ஏலக்காய் மணக்கும் பன், இலவங்கப்பட்டைச் சுருள், சன்னலோர மேசை, யாரும் வந்து எழுப்பாத ஒரு மணி நேரம். சுவீடனில் இவ்வாறு அமர்ந்து காப்பி அருந்துவதற்கு 'ஃபிகா' என்றொரு சொல்லே உண்டு. காப்பியைக் குறித்த 'காஃபி' என்ற பழைய வழக்கின் அசைகளைத் திருப்பிப் போட்டதால் பிறந்த சொல் அது என்பர். இதை அந்நாட்டாரின் பிறவிக் குணம் என்று நாம் எண்ணிவிடுகிறோம். அதே சுவீடனில் 1756இல் தொடங்கி 1820கள் வரை காப்பி பலமுறை அரசாணையால் தடைசெய்யப்பட்டது. ஆக, அந்த மேசைக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. நம் மேசைக்கும் இருக்கிறது. அதை நாம் அவ்வளவாக எழுதுவதில்லை.

தமிழகத்தில் காப்பி வீட்டுக்குள் நுழைந்தபோது கிடைத்த வரவேற்பும் வசையும் பற்றி ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்ற நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். காப்பி நடுத்தர வர்க்கத்தின், குறிப்பாகப் பிராமண நடுத்தர வர்க்கத்தின் அடையாளமாகவும், தேநீர் உழைப்பாளியின் பானமாகவும் பிரிந்து நின்றதை அவர் காட்டுகிறார். வீட்டைவிட்டு வெளியே வந்த காப்பி முதலில் புகுந்த இடம் 'காப்பி கிளப்'. இந்தக் கிளப்புகள் பலவற்றின் வாசலில் 'பிராமணாள்' என்ற சொல் தொங்கியது. சமைப்பவர் யார் என்பதற்கு அது உத்தரவாதம். உள்ளே எங்கே யார் அமரலாம் என்பதற்கு எச்சரிக்கை. தனிப்பட்ட உணவகங்களில் மட்டுமின்றி, ரயில் நிலைய உணவு விடுதிகளிலும் பிராமணருக்கும் மற்றவருக்கும் தனித்தனி இடம் இருந்தது. அந்த ஏற்பாடு 1941இல்தான் ஒழிந்தது.

பலகையின் கதை அத்துடன் முடியவில்லை. 1957 மே மாதம் திருவல்லிக்கேணி முரளி கபேயின் முன் திராவிடர் கழகத்தினர் மறியலைத் தொடங்கினர். கோரிக்கை ஒன்றே ஒன்று: பெயர்ப் பலகையிலுள்ள 'பிராமணாள்' என்ற சொல் அகற்றப்பட வேண்டும். நாள்தோறும் சிலர் வருவதும் கைதாவதுமாக மறியல் பல மாதங்கள் நீடித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சிறை சென்றனர். 1958 மார்ச்சில் அந்தச் சொல் அகன்றது. ஒரு சொல்லுக்காக ஆயிரம் பேரா என்று இன்று வியப்பவர், ஒரு சொல்லை வைத்திருப்பதற்காக ஓர் உணவகம் பத்து மாதம் தாக்குப்பிடித்ததையும் சேர்த்தே வியக்க வேண்டும்.

அதே 1957இல் இன்னொரு மாற்றமும் நடந்தது. காப்பி விற்பனையைப் பெருக்குவதற்காக 1930களில் தொடங்கப்பட்ட இந்தியா காபி ஹவுஸ்களைக் காப்பி வாரியம் மூட முற்பட்டபோது, வேலையிழந்த ஊழியர்கள் ஏ. கே. கோபாலனின் தூண்டுதலால் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்து அவற்றைத் தாமே நடத்தலாயினர். முதற்சங்கம் பெங்களூரில் உருவாயிற்று. பரிமாறுபவரே உரிமையாளர் என்ற இந்த ஏற்பாடு இன்றும் பல ஊர்களில் உயிரோடிருக்கிறது.

ரொட்டியின் பாதை வேறு. நம் வீடுகளில் ரொட்டி நெடுங்காலம் காய்ச்சல்காரருக்கு உரியது. பாலில் தோய்த்துக் கொடுக்கும் பத்திய உணவு. கள்ளால் புளிக்கவைக்கிறார்கள், முட்டை சேர்க்கிறார்கள், யார் கை பட்டதோ தெரியாது என்ற தயக்கங்கள் அதைச் சூழ்ந்திருந்தன. இத்தயக்கத்துக்கு வணிகம் கண்ட விடைகளுள் ஒன்று 'ஐயங்கார் பேக்கரி'. ஹாசன் பகுதியிலிருந்து பெங்களூர் வந்த ஒரு வைணவக் குடும்பத்தார் 1898இல் அங்கே தொடங்கிய கடையை இம்மரபின் மூலமாகச் சொல்வார்கள். முட்டையில்லாத கேக், காரரொட்டி, வெண்ணெய் பிஸ்கட் என்று பெருகி, இப்பெயர் கர்நாடக எல்லையைக் கடந்து நம் ஊர்களுக்கும் வந்தது.

தாம்பரத்திலிருந்து கிழக்கே, கேம்ப் ரோடு தாண்டி வேளச்சேரிச் சாலையில் வரும் ராஜகீழ்ப்பாக்கத்தைப் பார்க்கும்போது இக்கதைகள் எல்லாம் ஒரே சாலையில் அடுத்தடுத்து நிற்பதை உணர்கிறோம். 1928இல் காசநோய் மருத்துவமனையும், 1931இல் மின்ரயிலும், 1937இல் கிறித்துவக் கல்லூரியும் தாம்பரத்தை நகரத்தோடு பிணைத்தன. ஏரிகளும் வயல்களுமாயிருந்த கிழக்குப் பகுதி வெகுகாலம் கழித்தே வீட்டுமனைகளாயிற்று. 2021இல் தாம்பரம் மாநகராட்சியில் சேர்ந்தது. இங்கே குடியேறியவர் எவரும் பூர்வீகக்காரர் அல்லர். அவரவர் ஊரின் நாக்கோடு வந்தவர்கள். இத்தகைய புறநகர்ச் சாலைகளில்தான் 'கும்பகோணம் டிகிரி காபி'யும், ஐயங்கார் பெயர் தாங்கிய பேக்கரியும், பஃப்ஸும் தேன்கேக்கும் கண்ணாடிப் பெட்டியில் அடுக்கிய டீ பேக்கரியும் அருகருகே செழிக்கின்றன.

இவற்றுள் நம் கருத்தில் முக்கியமானது மூன்றாவது. டீ பேக்கரியில் பெரும்பாலும் நாற்காலி இல்லை. கட்டடத் தொழிலாளியும் மென்பொருள் ஊழியரும் ஒரே கல்லாவில் பணம் கொடுத்து, ஒரே நிழலில் நின்று, ஒரே வகைக் கண்ணாடிக் குவளையில் குடிக்கிறார்கள். இரட்டைக் குவளை முறை நிலவிய கிராமத்து டீக்கடைகளை நினைத்துப் பார்த்தால் இது சிறிய செய்தியன்று. அக்கடைகள் சிலவற்றில் தூக்கியெறியும் குவளை வந்து பழைய பாகுபாட்டுக்குப் புதிய போர்வை போர்த்தியது என்ற செய்திகளும் உண்டு. பொருள் மாறுவதனால் மட்டும் பழக்கம் மாறிவிடுவதில்லை.

அப்படியானால், திருவல்லிக்கேணியில் அழிந்த சாதிப்பெயர் புறநகர்ப் பேக்கரியில் திரும்பிவிட்டதா? இரண்டையும் ஒன்றென்று சொல்வது நியாயமாகாது. பேக்கரிப் பலகை எவரையும் வெளியே நிறுத்துவதில்லை. பல கடைகளில் அப்பெயர் உரிமையாளரின் சாதியைக்கூடக் குறிப்பதில்லை, முட்டையில்லை என்பதற்கான வணிகக் குறியாக மட்டுமே நிற்கிறது. ஆயினும் 'தூய்மை' என்பதைச் சொல்ல நமக்கு இன்றும் ஒரு சாதிப்பெயரே கைக்கு எளிதாக அகப்படுகிறது என்பதைக் கவனிக்காமல் கடந்துபோக முடியவில்லை.

அயல்நாட்டுக் காப்பிக் கடைகளைப் பற்றி எழுதுவோர் தொடர்ந்து எழுதட்டும். படிக்க இனிமையாகவே இருக்கிறது. கூடவே, நம் சாலையின் பலகைகளையும் யாரேனும் படமெடுத்து, தேதியிட்டுச் சேர்த்துவைத்தால் நன்று. சாலை விரிவாக்கத்தில் முதலில் காணாமற் போகும் ஆவணங்கள் அவைதாம்.