நவ ஸ்கொலாஸ்டிசம்

ஓய்வைக் குறித்த ‘ஸ்கோலே’ என்னும் கிரேக்கச் சொல், ஓய்வில் நிகழும் கற்றலையும் பின்னர் கற்கும் இடத்தையும் சுட்டி, இலத்தீனில் ‘ஸ்கோலா’ ஆயிற்று. இடைக்கால ஐரோப்பாவின் பேராலயப் பள்ளிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் வளர்ந்த மெய்யியல் அதனடியாக ஸ்கொலாஸ்டிசம் எனப்பட்டது. வினாவை எழுப்பி, மறுப்புரைகளை முதலில் முன்வைத்து, பின்பு தன் முடிவைக் கூறி, ஒவ்வொரு மறுப்புக்கும் தனித்தனியே விடையிறுக்கும் தாமஸ் அக்குவினாஸின் முறையே, எதிர்த்தரப்பை மதிக்கும் நேர்மையால், இம்மரபின் உச்சம் எனலாம். அவரது மெய்யியலை மீட்குமாறு திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ 1879இல் விடுத்த ‘ஏத்தெர்னி பாத்ரிஸ்’ சுற்றுமடலால் வலுப்பெற்ற மறுமலர்ச்சி, புதுமை குறிக்கும் ‘நவ’ என்னும் முன்னொட்டோடு வழங்கலாயிற்று. இம்மறுமலர்ச்சியில், பெல்ஜியத்தின் லூவேனில் மெய்யியலாளர் மெர்சியே 1889இல் நிறுவிய மெய்யியல் நிறுவனம் அறிவியலோடு உரையாட முற்பட்டது. குருமடப் பாடநூல்கள் பலவோ முடிவுகளை மட்டும் தொகுத்து வினாவின் உயிர்ப்பை இழந்தன. மூலநூல்களுக்கே திரும்பி அவ்வுயிர்ப்பை மீட்டவர்களுள் பிரெஞ்சு மெய்யியலாளர் எத்தியேன் ஜில்சோன் முதன்மையானவர்.